மாம் டோர் அடிவாரத்தில்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

இங்கிலாந்தின் பீக் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. படுக்கையறைச் சன்னல் மேற்கு நோக்கியது. வயல், கற்சுவர், ஆடுகள், அவற்றுக்கு அப்பால் மாம் டோர் மலை. அதற்கும் அப்பால் பார்க்க வானம்தான் உண்டு.

மார்ச் 5, வியாழன்

காலை வெயில் பட்டதும் மலையின் கிழக்கு முகம் துலக்கமாகத் தெரிந்தது. மற்றப் பக்கங்களெல்லாம் புல் போர்த்திச் சாதுவாக இருக்க, இந்தப் பக்கம் மட்டும் உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து செங்குத்தாக அறுபட்டு நிற்கிறது. மணற்கல்லும் களிப்பாறையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் படிந்திருப்பது வீட்டிலிருந்தே தெரிகிறது. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆறுகள் கடலுக்குள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் அவை. உயரம் 517 மீட்டர்தான். ஆனாலும் காசில்டன் ஊரின் மாலைப் பொழுதை அதுதான் முடிவு செய்கிறது. பஞ்சாங்கக் கணக்குப்படி மறைவதற்கு வெகு முன்பே சூரியன் அதன் பின்னால் போய்விட, அறையில் உடனே குளிர் ஏறுகிறது. என் கணவர் இன்னொரு கம்பளி கேட்டார்.

இந்த வாரம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வராது என்று மகள் சொல்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

மதியம் அவர் உறங்கிய பிறகு பழைய சாலைவரை நடந்தேன். ஊரை விட்டு மேற்கே செல்லும் சாலை ஒரு வாயிற்கதவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஆள் போகலாம், வண்டி போகாது. ஷெஃபீல்டிலிருந்து சாப்பல்-என்-லெ-ஃபிரித் ஊருக்குச் செல்லும் சுங்கச் சாலையாக 1819-இல் இதைப் போட்டார்கள். அதுவரை எல்லா வண்டிகளும் வின்னட்ஸ் கணவாயின் கொடிய ஏற்றத்தில் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. ஏற்றம் குறைய வேண்டுமானால் சாலை வளைந்து ஏற வேண்டும், வளைவதற்கு அகலமான சரிவு வேண்டும். அவர்களுக்கு அகப்பட்ட அகலமான சரிவோ, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலையிலிருந்து பெயர்ந்து விழுந்து, அன்றுமுதல் நகர்வதை நிறுத்தாத மண்.

வாயிலைத் தாண்டிச் சிறிது தூரம்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பிறகு தளம் சாய்கிறது, அப்புறம் வெடிக்கிறது, அதற்கும் அப்பால் ஒரு துண்டு அப்படியே கீழிறங்கிக் கிடக்க, அதன்மேல் நடுக்கோட்டின் வெள்ளை இன்னும் அழியாமல் இருக்கிறது. உடைந்த விளிம்பில் தாரின் அடுக்குகள் தெரிகின்றன. மண் இறங்கும்போதெல்லாம் சாலையை மட்டப்படுத்த மேலே தார் ஊற்றியிருக்கிறார்கள், மறுபடி இறங்கியிருக்கிறது, மறுபடி ஊற்றியிருக்கிறார்கள். அத்தனை பழுதுபார்ப்புக்கும் அந்த விளிம்பே கணக்குப் புத்தகம். கடைசியில் 1979-இல் வண்டிப் போக்குவரத்தை நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள்.

இனிப் பழுது பார்ப்பதில்லை என்று முடிவு செய்த கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று வீடு திரும்பும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். யாராவது ஒருவர், இன்னும் ஒரு முறை முயன்று பார்க்கலாமே என்று சொல்லியிருக்க மாட்டாரா?

மார்ச் 9, திங்கள்

கைப்பேசியில் எடுத்த படங்களை அவரிடம் காட்டினேன். வாழ்நாளெல்லாம் சாலை போட்டவர் அல்லவா, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வடிகால் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. தார் ஊற்றியவர்கள் தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறார்களா என்பது அடுத்தது. இந்த வாரத்தில் அவர் இவ்வளவு பேசியது இன்றுதான்.

மார்ச் 11, புதன்

மழை.

மார்ச் 12, வியாழன்

மழை. மலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

வடிகால் கேள்வியை அவர் விடவில்லை. நானும் படித்துப் பார்த்து எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். மேலே இருக்கும் மணற்கல் தண்ணீரை உள்ளே விடுகிறது. அடியில் இருக்கும் களிப்பாறை அதைத் தாங்கி நிறுத்துகிறது, நிறுத்தும்போது தானும் ஊறி வலுவிழக்கிறது. போதாததற்கு அந்தப் பாறையில் கந்தகமும் இரும்பும் கலந்த ஒரு கனிமம் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அதிலிருந்து அமிலம் உண்டாகிப் பாறையையே அரிக்கிறது. சரிவில் சில இடங்களில் ஊற்று நீர் துரு நிறத்தில் கசிவதற்கு அந்த இரும்புதான் காரணம். கடுமையான மழைக்காலங்களுக்குப் பிறகு நகர்வு கூடுகிறது. வேகமாக நகரும் பகுதிகள் ஆண்டுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர்வரை இறங்குகின்றன என்று அளந்திருக்கிறார்கள். சரிந்து கிடக்கும் மண் முழுவதையும் சேர்த்தால் நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் சாலையில் குற்றமில்லை, தேர்ந்தெடுத்த இடத்தில்தான் குற்றம் என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. 1819-இல் இருந்தவர்களுக்கு வேறு எந்த இடம் இருந்தது? நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வண்டிகள் போயிருக்கின்றன. அது குறைவா என்ன?

மார்ச் 19, வியாழன்

மகளின் காரில் வின்னட்ஸ் கணவாய் வழியாக ஏறினோம், அவரையும் முன் இருக்கையில் அமர்த்திக்கொண்டு. இருபுறமும் சுண்ணாம்புக்கல் சுவர்கள் நெருக்க, நடுவில் சாலை ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் போகிறது. பழைய சாலை மூடப்பட்டதால் எதிலிருந்து தப்பிக்க நினைத்தார்களோ அதே கணவாய்க்கே போக்குவரத்து திரும்பிவிட்டது. கனரக வண்டிகளுக்கு மட்டும் அனுமதி இல்லை. மேட்டில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். களைப்பு என்று சொன்னார்.

மார்ச் 20, வெள்ளி

காய்ச்சல் இல்லை. ஆறுதல்.

மார்ச் 22, ஞாயிறு

மகள் வீட்டில் இருந்ததால் மலைமுகட்டுக்குப் போக முடிந்தது. மாம் டோரிலிருந்து வடகிழக்கே பேக் டோர், லூஸ்ஹில் என்று ஒரே முகடாக நீள்கிறது. நடுவில் ஹாலின்ஸ் கிராஸ் என்ற தாழ்ந்த இடத்தில் நின்றால் இடப்புறம் எடேல், வலப்புறம் காசில்டன், இரண்டு பள்ளத்தாக்குகளும் ஒருசேரத் தெரியும். எடேலில் ரயில் ஒன்று மான்செஸ்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1894-இல் திறந்த பாதை அது. காற்று எதிர்ப்புறம் வீசியதால் சத்தமே வரவில்லை.

எடேலில் 1633-இல் சிற்றாலயம் கட்டும்வரை அங்கே இறந்தவர்களை இந்த இடத்தின் வழியாகத்தான் தூக்கி வந்து இந்தப் பக்கம் அடக்கம் செய்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் எப்படித் தூக்கியிருப்பார்கள், எத்தனை இடத்தில் இறக்கி வைத்திருப்பார்கள் என்றெல்லாம் மனம் போனது. அங்கே நின்றுகொண்டு அதை நினைத்திருக்க வேண்டாம். அதே வழியில் பிற்காலத்தில் எடேல் பஞ்சாலைக்கு வேலைக்குப் போன காசில்டன்காரர்களும் நடந்தார்கள் என்பதை வலிய நினைவுபடுத்திக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

விடியற்காலையில் கர்லூ என்ற கரைப்பறவை ஒன்று வயலுக்கு மேலே நீளக் கூவிக்கொண்டு போயிற்று. வளைந்த நீண்ட அலகு. குளிர்காலத்தைக் கடற்கரையில் கழித்துவிட்டு மார்ச்சில் மேட்டு நிலத்துக்குத் திரும்பும் பறவை. அவரும் கேட்டிருக்கிறார். நான் எழுந்திருப்பது தெரியாமல் அவரும், அவர் விழித்திருப்பது தெரியாமல் நானும்.

மார்ச் 29, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். மாத்திரை நேரங்கள் எல்லாம் குழம்பிப்போயின.

ஏப்ரல் 2, வியாழன்

இந்த நிலத்தைப் புரிந்துகொள்ளச் சுவர்களைப் பார்த்தாலே போதும். காசில்டனுக்குத் தெற்கே சுவர்கள் வெளிறிய சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. வடக்கே எடேல் பக்கம் போனால் கருத்த மணற்கல். சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல் வைத்துக் கட்டியவை, அந்தந்த நிலத்தில் கிடைத்த கல்லைக் கொண்டே. தெற்கே இருப்பதை வெள்ளைப் பீக் என்றும் வடக்கே இருப்பதைக் கருப்புப் பீக் என்றும் மக்கள் சொல்கிறார்கள்; இரண்டும் சந்திக்கும் வரப்பில்தான் மாம் டோர் உட்கார்ந்திருக்கிறது. அதன் தெற்கு அடிவாரத்தில் சுண்ணாம்புக் குகைகளும், ப்ளூ ஜான் எனும் நீலமும் மஞ்சளும் வரியோடிய கனிமமும், பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே பேசப்படும் ஓடின் ஈயச் சுரங்கமும். வடக்குச் சரிவில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஹோப் ஊரின் சிமெண்ட் ஆலை இங்கே இருப்பதற்கும் அதுவே காரணம். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லும் வேண்டும், களிப்பாறையும் வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் இடம் இது. 1929-இல் ஆலை வந்தது. தேசியப் பூங்கா வந்தது 1951-இல். எனவே இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே நின்று பார்த்தாலும் அந்தப் புகைபோக்கி கண்ணில் படும். எல்லாரும் அதைக் குறை சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது இருப்பது நல்லதாகவே படுகிறது. ஊரில் வேலை செய்து பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றாவது சாட்சி. அவருக்கு ஆலையைப் போய்ப் பார்க்க ஆசை. இப்போது எப்படி முடியும்?

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். சாலையோரமெங்கும் கார்கள். உச்சிக்குப் போகும் கல்படிகளில் காலையிலிருந்து வரிசை குறையவே இல்லை. பாதுகாப்புக்காகத்தான் அங்கே கல் பாவினார்கள். பாவாவிட்டால் இத்தனை கால்களும் சேர்ந்து உச்சியில் இருக்கும் பழங்கால மலைக்கோட்டையின் மேட்டைக் கரைத்துவிடும். ஆனாலும் இன்று எல்லார்மேலும் எரிச்சலாக இருந்தது. சிரித்துக்கொண்டு மலையேறுகிறவர்கள்மேல் எரிச்சல் கொள்வது நியாயமில்லைதான். சன்னல் திரையை இழுத்து மூடினேன். அவர் திறக்கச் சொன்னார். பாராகிளைடர்கள் பறப்பதைப் பார்க்க வேண்டுமாம்.

ஏப்ரல் 9, வியாழன்

முதல் முறையாக உச்சிக்குப் போனேன், காற்று தள்ளிக்கொண்டே வந்தது. உச்சியைச் சுற்றிச் சுமார் 6 ஹெக்டேர் நிலத்தை அணைத்தபடி கோட்டையின் கரையும் அகழியும் ஓடுகின்றன. புல் மூடியிருப்பதால் அவை மனிதர் வெட்டியவை என்பது சட்டென்று விளங்காது. உள்ளே சரிவைச் சமப்படுத்தி வீடு கட்டிய சிறு தளங்கள் நிறைய இருக்கின்றன. 1960-களில் அகழ்ந்து பார்த்தபோது வெண்கலக் காலத்தின் பிற்பகுதியிலேயே இங்கே மக்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. கிழக்கே அந்த அறுபட்ட முகம். அவர்கள் குடியேறியபோதே மலை சரிந்துதான் இருந்தது. இது நிற்காது என்பது கண்ணெதிரே தெரிந்தும் விளிம்புக்குப் பக்கத்திலேயே வீடு கட்டி, அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் பழைய சாலை எவ்வளவு சிறியது! கீழே நடக்கும்போது பிளவுகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. மேலிருந்து அதன் இரண்டு வளைவுகளும், சாலை போட்டவர்கள் மனத்தில் வரைந்த கோடும் முழுமையாகத் தெரிகின்றன. நல்ல கோடு. இதை அவரிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

சொன்னேன். தெரியும் என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

அழைப்பு இல்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

1951-இல் இதே நாளில்தான் பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, எடேலுக்கு அப்பால் நான் முகட்டிலிருந்து பார்த்த அந்தக் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் ஆலைத் தொழிலாளிகளும் இளைஞர்களுமாக நானூறு பேர்போல் தடையை மீறி நடந்தார்கள். வேட்டைப் பறவைகளுக்காகப் பூட்டி வைத்திருந்த நிலம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நடக்கப் போய்ச் சிறை.

இன்று அவர் தோட்டத்து வாயில்வரை நடந்தார். திரும்பி வர என் தோள் தேவைப்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டிகள், முதுகில் நீல நிற எண்களோடு. தாயின் முதுகிலும் அதே எண். தொலைந்தால் சேர்ப்பிக்க அந்த ஏற்பாடு.

ஏப்ரல் 21, செவ்வாய்

சாலையைக் கைவிட்ட அந்தக் கூட்டத்தைப் பற்றி மறுபடியும். நிறுத்துவது என்று முடிவெடுத்தவர்களைக் கோழைகள் என்று இவ்வளவு நாள் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவரோ, அந்த முடிவை எடுத்த பொறியாளருக்குத்தான் மண்ணைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்கிறார். இருவருக்கும் இரவுச் சாப்பாட்டில் வாக்குவாதம். சாலையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று இருவருமே காட்டிக்கொண்டோம். ரசம் ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 25, சனி

நேற்று மாலை அழைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஷெஃபீல்டில் இருக்க வேண்டும். தொடர்வதா வேண்டாமா என்பதை மூவரையும் உட்காரவைத்து அன்றைக்குப் பேசுவார்களாம். மகள் அழுதாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பழைய சாலையில் சக்கர நாற்காலி எவ்வளவு தூரம் போகும் என்று. வாயிற்கதவுவரை கார் போகும், அதற்குப் பிறகும் சிறிது தூரம் தளம் நன்றாகவே இருக்கிறது என்றேன். உடைந்த விளிம்பைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமாம். மழை இல்லாவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்குக் கிளம்புவதாக இருக்கிறோம்.