எஸ்டீமுக்குப் புது மூளை: போடிமெட்டில் வெளுத்த சாயம்

என் பழைய மாருதி எஸ்டீம் காரின் ஒரிஜினல் ஈசியூவை (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கழற்றிவிட்டு ஸ்பீடுயினோ மாட்டி நாலு மாதம் ஆகிறது. அர்டுயினோ மெகா 2560 என்ற குட்டி கம்ப்யூட்டரை வைத்து ஓடும் ஓப்பன் சோர்ஸ் போர்டு இது. லேப்டாப்பைச் சொருகி, எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று சொல்லும் பெட்ரோல் டேபிள், இக்னிஷன் டேபிள் எல்லாவற்றையும் நாமே திருத்தலாம். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியிருந்தார், அதனால் ஐடிலில் மேனிஃபோல்டில், அதாவது இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில், வேக்கம் ஒரு நிலையில் நிற்காது. சரி, மேனிஃபோல்டு பிரஷரை நம்ப வேண்டாம் என்று ஆல்ஃபா-என் முறைக்குப் போனேன். ஆர்பிஎம் எவ்வளவு, திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இதுதான் கணக்கு.

போடி - தேனி ரோட்டில் பல நாள் ஓட்டி டேபிளைச் செதுக்கியதில் முழு திராட்டிலில் லாம்டா 0.87-இல் நின்றது. லாம்டா என்பது காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1-க்குக் கீழே இறங்க இறங்க பெட்ரோல் அதிகம். (பங்கில் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தானே, ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கையே விட்டுவிட்டேன்.)

போன ஞாயிறு போடிமெட்டு மலை ஏறினோம். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் இழுவை செத்துவிட்டது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. மடியில் லேப்டாப்போடு இருந்த மச்சான், "மாப்ள, 0.77 காட்டுதுடா, பெட்ரோலை ஊத்துது" என்றான். இஞ்செக்டர் ஒழுகுகிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. மெட்டில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து பூப்பாறை ரோட்டில் ஒரு மிதி மிதித்தால், ஒன்றுமே நடக்காதது மாதிரி 0.87!

வீட்டுக்கு வந்து போர்டு பதிந்து வைத்த லாகைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. வெளிக்காற்றின் அழுத்தம் போடியிலிருந்து மெட்டு வரைக்கும் 97 கிலோபாஸ்கல் என்று நேர்கோடாக இருக்கிறது, டீக்குப் பிறகு 86. வெளி அழுத்தத்தை அளக்கும் தனி பாரோ சென்சார் இல்லையென்றால், இஞ்சின் சுற்றும் முன் மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) காட்டுவதையே போர்டு வெளி அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. மறுபடி சாவியைத் திருப்பும் வரை அதை மாற்றாது. ஏறத்தாழ 1000 மீட்டர் ஏறியதில் காற்று பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைந்துவிட்டது, பெட்ரோல் மட்டும் போடி அளவிலேயே போயிருக்கிறது. இறங்கும்போது நிலைமை நேர் எதிர், மேலே எடுத்த 86-ஐப் பிடித்துக்கொண்டு லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடியிருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டருக்கு வேலை இல்லாததால் பிஸ்டன் தப்பியது. போர்டைக் குறை சொல்ல மாட்டேன், செட்டிங்கில் பாரோ பக்கத்தைப் படிக்காமல் தாண்டியது நான்தான்.

இன்னொரு பிரஷர் சென்சாரை வாங்கி ஈசியூ பெட்டிக்குள்ளேயே வைத்து, காலியாக இருந்த அனலாக் பின்னில் சால்டர் செய்தேன். ஹோஸ் எதுவும் இல்லை, தூசிக்காக மட்டும் அதன் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். நேற்று நிற்காமல் மேலே வரை ஏறியதில் 0.86-க்கும் 0.88-க்கும் நடுவில்தான் ஆடியது. காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் இன்னும் மூன்று தடவை சாவி திருப்ப வேண்டியிருக்கிறது, அடுத்து அதில்தான் கைவைக்க வேண்டும்.