வலி பூஜ்யம்

சென்னையில் மயக்க மருந்து டாக்டராக நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்றால் ஃபீமோரல் ப்ளாக்தான். தொடை மடிப்பில் ஓடும் நரம்பைச் சுற்றி, அதை மரக்க வைக்கும் மருந்து 20 மில்லி. ஆபரேஷனுக்காக முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இது ராத்திரியைக் கடத்திவிடும். சாயந்திர ரவுண்ட்ஸில் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் பூஜ்யம், மிஞ்சினால் ஒன்று என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

திருவல்லிக்கேணியிலிருந்து வந்த ஒரு பாட்டியும் பூஜ்யம் என்றுதான் சொன்னார். விடியற்காலையில் நர்ஸைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போகத் தானே எழுந்திருக்கிறார். வலி இல்லையென்றால் கால் சரியாகிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஊன்றிய கால் மடங்கிவிட்டது. கட்டிலைப் பிடித்துச் சரிந்ததால் பெரிய அடி இல்லை. நான் போனபோது, "வலிக்கவே இல்ல டாக்டரம்மா. ஆனா கால் என்னோடதாவே இல்ல" என்றார்.

முழங்காலை நீட்டி நிறுத்தும் குவாட்ரிசெப்ஸ் தசையை இயக்குவதும் அதே நரம்புதான். படித்துப் பரீட்சை எழுதிய விஷயம். அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் அடக்டர் கெனால் ப்ளாக்குக்கு மாறினோம். தொடையின் நடுவில், சார்டோரியஸ் தசைக்கு அடியில், ரத்தக்குழாயை ஒட்டி மருந்து போடுவது. குவாட்ரிசெப்ஸுக்குப் போகும் கிளைகளில் பெரும்பாலானவை அதற்கு மேலேயே பிரிந்துவிடும் என்பதால் காலில் பலம் நிற்கும். இடத்தைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி அந்த மெஷினைப் பதிவு செய்தாக வேண்டும். எழுபது வயதுப் பாட்டியின் தொடையைப் பார்க்கிற மெஷினுக்கும் அதே பேப்பர் வேலைதான்.

மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு நடக்க வைத்தார். ஆனால் புதுப் புகார் ஒன்று வந்தது: "முட்டிக்குப் பின்னாடி இழுக்குது." முன்பக்க நரம்பை மரக்க வைத்தால் பின்பக்கம் சும்மா இருக்குமா? காலின் பின்பக்கம் ஓடும் பெரிய நரம்பை மரக்க வைக்கும் சயாட்டிக் ப்ளாக் போடலாம் என்றேன். சர்ஜன் ஒப்புக்கொள்ளவில்லை. பாதம் தொங்கிவிட்டால் அது மருந்தாலா, ஆபரேஷனில் நரம்பு அடிபட்டதாலா என்று எப்படித் தெரியும்? "கட்டைவிரலைத் தூக்கிக் காட்டணும் மேடம், இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார். நியாயம்தான்.

அதனால் ஐபேக் என்ற ப்ளாக். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனிக்கும் மூட்டு உறைக்கும் நடுவே மருந்தை விட்டால், மூட்டுக்குப் போகும் சின்னக் கிளைகள்தான் மரக்கும். பெரிய நரம்பு பெரும்பாலும் தப்பிவிடும். இதைவிட எளிது, சர்ஜனே தையலுக்கு முன் மூட்டைச் சுற்றி ஊசி போட்டுவிடுவது. என் ஊசிக்கு வேலை குறைகிறதே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. ஒரே மருந்து இரண்டு கையிலிருந்து போவதால் அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயமும் தடுமாறலாம். அதனால் நோயாளியின் எடையையும் அதுவரை போன மில்லிகளையும் தியேட்டர் போர்டில் எழுதி வைக்கிறோம்.

ரவுண்ட்ஸில் இப்போது முதலில் காலை நேராகத் தூக்கச் சொல்கிறேன். வலிக்கு எண் கேட்பது அதற்கப்புறம்தான். "மூணு இருக்கும்" என்று முகம் சுளித்துக்கொண்டே தூக்குகிறார்கள். சரி, மூன்று இருக்கட்டும். ஆனாலும் காலிங் பெல்லைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்கிறேன்; கெனாலில் போட்ட மருந்தும் சில சமயம் மேலே ஏறும்.