கடைப்பெயரைச் சொல்லும் விதம்

20 நொடி ரேடியோ விளம்பரத்தில் தமிழில் 40 சொல்லைத் தாண்டினால் குரல் ஓட ஆரம்பித்துவிடும். மதுரையில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை எதுவானாலும் கையில் வரும் ஸ்கிரிப்டில் 60 சொல்லாவது இருக்கும். கடைப்பெயர், பட்டு, காட்டன், ரெடிமேட், ஆடித் தள்ளுபடி, இரண்டு கிளைகளின் முகவரி, கடைசியில் 10 இலக்க செல் நம்பர். அந்த நம்பரை நிதானமாக ஒருமுறை சொல்லவே 5 நொடி போய்விடும். பைக்கில் போகிறவரோ அடுப்படியில் நிற்கிறவரோ அதை எழுதிக்கொள்ளப் போவதில்லை. "விளக்குத்தூண் பக்கத்துல" என்றால் ஒன்றரை நொடியில் மதுரைக்காரருக்கு வழி தெரிந்துவிடும். முதலில் வெட்ட வேண்டியது நம்பரைத்தான்.

வெட்ட மனமில்லாதவர்கள், எடிட்டிங்கில் மூச்சை எல்லாம் எடுத்துவிட்டுக் குரலை 10 சதவீதம் வேகப்படுத்தச் சொல்வார்கள். 4, 5 சதவீதம் வரை காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் 'பட்டு' என்ற சொல்லின் நடுவே நாக்கு ஒட்டி நிற்கும் கணம் சுருங்கி, வெறும் 'படு'வாகக் கேட்கும். பட்டுப்புடவை விற்கிற விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

ஊருக்குப் பழகிய குரல் என்று சொல்கிறோமே, அதில் குரலின் இனிமைக்குப் பங்கு குறைவு. ஒரு பெயரை வருடக்கணக்கில் ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்வதால்தான் அது பழகுகிறது. "ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்ற வரியை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அன்றன்றைய செய்தி மறந்துவிட்டது. அந்த வரி ஏறி இறங்கும் இடம் மறக்கவில்லை. கடைப்பெயரும் அப்படித்தான். 20 நொடியில் மூன்று முறை வரும். முதல்முறை சற்று ஏற்றி, இரண்டாம்முறை பேச்சோடு பேச்சாக, மூன்றாம்முறை கால் நொடி மௌனம் விட்டு இறக்கிச் சொல்ல வேண்டும். அந்தக் கால் நொடியை இசையால் நிரப்பிவிடும் சவுண்ட் இன்ஜினியர்களிடம் சண்டை போட்டாவது அதைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

தீபாவளிக்குப் புது ஸ்பாட் (ரேடியோ விளம்பரம்) பதிவு செய்யுமுன் போன வருட ஸ்பாட்டை இரண்டு தடவை ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். எந்த மைக், எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குப் பதிவு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் பலன் தரும். காலை 8 மணிக்குக் குரல் கனமாக இருக்கும், மாலைக்குள் இளகி மேலேறும். தள்ளுபடி '20 சதவீதம்' என்றிருந்ததை '30 சதவீதம்' என்று மாற்றச் சொல்லி மாலையில் போன் வரும். அந்த ஒரு சொல்லை மட்டும் பேசி ஒட்டினால், வேட்டியில் வேறு துணி ஒட்டுப் போட்டது போல் தனியே தெரியும். ஒரு மூச்சில் தொடங்கி அடுத்த மூச்சு வரைக்கும் முழு வாக்கியத்தையும் திரும்பப் பேச வேண்டும். சொல்லுக்குப் பக்கத்தில் வெட்டாமல் மூச்சில் வெட்டினால் ஒட்டு தெரியாது.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் போதும். சாதாரணப் பேச்சில் நம் 'ப'வில் காற்று அதிகம் வராது. விளம்பரத்துக்காக அழுத்தும்போதுதான் 'புடவை', 'பொங்கல்' எல்லாம் மைக்கில் 'தப்' என்று அடிக்கும். வாயை மைக்கின் ஓரத்துக்குக் கொஞ்சம் திருப்பினால் காற்று விலகிப் போய்விடும். 'சில்க்ஸ்' இன்னும் தொந்தரவு. எஃப்எம் ஒலிபரப்பில் ஒலியின் உயர் அதிர்வெண்களை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள் என்பதால், ஸ்டுடியோவில் சரியாகக் கேட்ட 'ஸ்' வீட்டு ரேடியோவில் சீறும். கடைசி 'ஸ்'ஸைப் பாதியிலேயே விழுங்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

எந்த நிலையத்தில் போகிறது என்பதைப் பொறுத்து வாசகமும் மாறும். கொடைக்கானல் பண்பலை 100.5 மலைமேல் இருந்து வருவதால் மதுரையைத் தாண்டிப் பல மாவட்டங்களில் கேட்கும். அங்கே 'மதுரை' என்ற சொல் கட்டாயம் வேண்டும். நகருக்குள் மட்டும் கேட்கும் எஃப்எம்மில் அதே சொல் வீண்.

ரேடியோவுக்குச் செய்ததை அப்படியே பென் டிரைவில் போட்டு ஆட்டோவில் ஓடவிடுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தப்பு. ஆட்டோ மேல் கட்டும் ஹார்ன் ஒலிபெருக்கியில் அடித்தொனி வெளியே வராது. ஸ்டுடியோவில் எல்லோரும் மெச்சிய கனத்த குரல் தெருவில் தகரமாகிவிடும். அடியில் ஓடும் இசை சொல்லைத் தின்றுவிடும். ஆட்டோ மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர். சொல் தெளிவாகக் காதில் விழும் தூரம் முன்னும் பின்னுமாக 80 மீட்டர் என்று வைத்தால்கூட, வாசலில் நிற்பவருக்குக் கிடைப்பது 27 நொடி. அதுவும் நடுவிலிருந்து. 2 நிமிட வாசகத்தின் கடைசியில் கடைப்பெயரை வைத்தால் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அது போய்ச் சேராது. 15 நொடிக்கு ஒருமுறை பெயர் வர வேண்டும். மாசி வீதிகளில் சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும் என்பதால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு நொடி இடைவெளி விட வேண்டும். இசை வேண்டுமென்றால் அந்த இடைவெளிகளில் வைத்துக்கொள்ளலாம். போலீஸ் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது.

கூலி விஷயத்தையும் பேசியாக வேண்டும். ஒருமுறை பேசிக் காசு வாங்கிய ஸ்பாட் பல வருடம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நகைக்கடைக்குப் பழகிய குரலை இன்னொரு நகைக்கடை கூப்பிடாது. அதனால் 'ஒரு வருடம், ரேடியோ மட்டும், மதுரை மட்டும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். குரலைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துப் பேசவைப்பது இப்போது சுலபமாகிவிட்டதால், 'நகல் எடுக்க அனுமதி இல்லை' என்று நான்காவதாக ஒரு வரியும் சேருங்கள். பதிவு முடிந்ததும் இசை கலக்காத வெறும் குரல் ஃபைலைத் தேதி போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு முதலில் தேட வேண்டியிருப்பது அதைத்தான்.