22 வீசை

9 ஜூன் 2025, திங்கள்

கதவு 20 அங்குலம். பாய்லர் 22.

மூன்று முறை அளந்தாயிற்று. பிடிக்க ஆளில்லாமல் டேப்பின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு அளந்தேன். உள்ளே எப்படிப் போயிருக்கும்? அதை வைத்துவிட்டுத்தான் கொல்லைக் குளியலறைக்குச் சுவரே எழுப்பியிருக்க வேண்டும்.

வீடு வாங்குகிறவர் 30-ஆம் தேதி சாவி கேட்கிறார். "ஒரு சாமான் கிடக்கக் கூடாதுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

10 ஜூன்

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். வலி பரவாயில்லை.

11 ஜூன்

புளி, செங்கல்தூள், தேங்காய் நார். மத்தியானம் முழுக்கப் பாய்லரைத் தேய்த்தேன். பாதிதான் ஆனது. கரி போன இடத்தில் செம்பு புது ஐந்து ரூபாய் மாதிரி மின்னுகிறது, மீதி அடுப்பங்கரைச் சுவர்.

இதில் குளித்தவர்களுக்குத்தான் இதன் கணக்கு தெரியும். நடுவில் ஒரு குழல், அதற்குள்தான் மட்டையும் பாளையும் எரியும். குழலைச் சுற்றித் தண்ணீர். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். ஊற்றாவிட்டால் வராது. அதனால் எப்போதும் நிரம்பியே இருக்கும். தண்ணீர் இல்லாமல் தீ மூட்டினால் ஈயப்பற்று உருகி ஒழுக ஆரம்பித்துவிடும். ஏழாவது படிக்கும்போது நான் ஒருதரம் அப்படி மூட்டி, அப்பாவிடம் வாங்கியது இன்னும் முதுகில் இருக்கிறது.

புனலுக்குக் கீழே எழுத்து. உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியது. சி. வெ. கு. அதற்கடியில் 1949.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேர் கிடையாது.

12 ஜூன்

மேட்டூரில் திறந்துவிட்டார்களாம். டீக்கடையில் அதே பேச்சு. குறுவைக்கு நாற்றங்கால் போட்டவர்களுக்கு இன்று தீபாவளி. எங்களுக்குத்தான் நிலமே இல்லையே, ஆனாலும் கேட்டதும் ஒரு சந்தோஷம். பழக்கதோஷம்.

அண்ணன் போன். "வித்துத் தொலை. அம்மா கட்டிலும் பெட்டியும் வந்தா போதும்." சரி. சி. வெ. கு. யார் என்று கேட்டேன். "நமக்கெதுக்கு?"

அம்மாவிடம் கேட்டேன். ஃபேனைக் குறைக்கச் சொன்னாள்.

14 ஜூன்

கும்பகோணம். பாத்திரக்கடையில் போட்டோவைக் காட்டினேன். கிலோ 550. ஈயம், கரி, பற்றவைப்பு எல்லாம் சேர்த்து 3 கிலோ கழிவு. முழுசாக யாரும் வாங்கமாட்டார்களாம். "அங்கேயே சுத்தியலால நசுக்கிக் கொண்டாந்துடலாம். வாசல் ஒரு பிரச்சினையே இல்ல."

வாசல் பிரச்சினை இல்லைதான். பஸ்ஸில் வரும்போது எனக்குத்தான் என்னவோ காதில் டங் டங்கென்று கேட்டுக்கொண்டே வந்தது.

15 ஜூன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. நேரில் இல்லை, போனில். பழம்பொருள் கடை.

போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"தேய்ச்சுட்டீங்களா?"

"பாதி."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. யாரோ செத்துப்போன மாதிரி.

"மேற்கொண்டு கை வைக்காதீங்கம்மா. உடையாம, நசுங்காம இருந்தா 18,000. பேரு வெட்டியிருக்கா? அப்ப இன்னும் நல்லது. ரிசார்ட்காரங்க அதைத்தான் கேக்கிறாங்க."

யாரோ ஒருத்தர் பேர். அதற்கும் சேர்த்து எனக்குப் பணம்.

17 ஜூன்

தூக்கம் இல்லை. சின்னம்மாள்? சிவகாமி? வெ. என்றால் வெங்கடாசலமா, வெள்ளைச்சாமியா? கு. ஊரா, புருஷனா? குடவாசலாக இருக்கலாம். குத்தாலமாகவும் இருக்கலாம்.

18 ஜூன்

பிசியோதெரபி ஆள் வரவில்லை. அம்மா கோபத்தை என்மேல் காட்டினாள். நானும் கத்தினேன். ராத்திரி ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன். வாயைத் திறந்தாள்.

19 ஜூன்

ஆற்றில் தண்ணீர். முதலில் நுரையும் சருகும் பிளாஸ்டிக்கும்தான் வந்தது. பாலத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின.

கொத்தனார் வந்து நிலையைப் பெயர்த்தார். கூலி 1,200. நிலைக்கு முன்னால் ஒரு சூடம் கொளுத்தச் சொன்னார். குளிக்கிற அறை நிலைக்கு எதற்கு என்று நினைத்தேன், ஆனால் கொளுத்தினேன். நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அடியில் 76 வருஷச் சாம்பலோ என்னவோ, ஈரத்தில் கட்டியாகி, வட்டமாக, தோசை மாதிரி. நடுவில் ஒரு தேள். கொத்தனாரே அடித்தார்.

இரும்பு ஜல்லடையைக் கழற்றிவிட்டு நெல்மூட்டைத் தராசில் வைத்தோம். 31 கிலோ 200.

20 ஜூன்

காலையில் அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது, சும்மா, "31 கிலோ இருக்குமா" என்றேன்.

"22 வீசை."

நான் சீப்பை நிறுத்தவில்லை. அவளும் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

வீசை பழைய எடைக்கணக்கு. ஒரு வீசைக்கு 1 கிலோ 400-க்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட 31 கிலோ 200. பெரிதாகப் பிசகவில்லை.

சீராக வந்த பாத்திரத்தை யார் எடை போட்டு ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? எடை போட்டு வாங்குவது இரண்டுக்குத்தான். ஒன்று விலைக்கு. இன்னொன்று.

21 ஜூன்

சொல்லிவிட்டாள். நான் கேட்காமலே, சாயங்காலம், விளக்கேற்றியதும்.

"புயல் வருஷம் கொண்டாந்து வச்சாங்களாம். உங்க தாத்தா சொல்வாரு. கூரையெல்லாம் போயி, தென்னையெல்லாம் விழுந்து, ஊரே பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு நம்ம திண்ணைக்கு வந்துச்சாம். மத்ததெல்லாம் மீட்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

1952. வெட்டி நான்கு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்காது.

"எவ்வளவுக்கு வச்சாங்க?"

"நோட்டுல இருந்துச்சு."

"நோட்டு எங்கம்மா?"

"மழைக்காலத்துல ஒருநாள் மட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. உங்கப்பாவுக்குக் காச்சல். நோட்டுக்கட்டைத்தான் போட்டு எரிச்சேன். அதுலயேதான். நல்லா எரிஞ்சிச்சு."

சிரித்தாள். நானும்தான். பிறகு கொல்லைக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

22 ஜூன்

நசுக்கினால் 15,510. நசுக்காவிட்டால் 18,000, கூலி போக 16,800. வித்தியாசம் 1,290.

இதை நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

23 ஜூன்

காரைக்குடிக்கே சொல்லியாயிற்று. நாளை காலை 7 மணிக்கு டெம்போ.

பேரை ஒரு தாளில் படி எடுத்துக்கொண்டேன். தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் புள்ளிகள் அப்படியே வருகின்றன. இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்கப்போகிறேன், தெரியவில்லை. பையில் வைத்திருக்கிறேன்.

24 ஜூன்

ஆறு மணிக்கே திண்ணையில் தூக்கி வைத்துவிட்டார்கள். பாதி பளபளப்பு, பாதி கரி. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்கிறார்கள். அம்மா கட்டிலை வாசல் பக்கம் திருப்பச் சொன்னாள். "உள்ள தண்ணி இருக்கா பாரு" என்கிறாள், மூன்றாவது தடவையாக.

மணி 9. டிரைவர் போன் எடுக்கவில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா குனிந்து எழுத்தைத் தடவிப் பார்த்தது. "யாரு பேரு தாயி?"

"எங்க பெரியம்மா" என்றேன்.

10.40. ஹாரன் கேட்டு ஓடினேன். கேஸ் வண்டி.