குன்றத்தூரில் ஓர் அண்ணனும் தம்பியும்

குன்றத்தூருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன். இந்த முறை என் தம்பிக்கு ராகு பரிகாரம் செய்யச் சொன்னார்கள் என்பதற்காக, ஒரு ஞாயிறு மாலை நாலரை மணி ராகு காலத்துக்கு அதே ஊரில் இருக்கும் வட திருநாகேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போனோம். பாலாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் என் மனசு போய் உட்கார்ந்தது வேறொரு சன்னதியில். அது சேக்கிழார் பெருமான் சன்னதி.

இந்தக் கோயிலைக் கட்டியவரே அவர்தான். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரத்து ஈசனிடம் அவருக்கு அப்படியொரு ஈடுபாடு. அவர் பிறந்த ஊரோ தொண்டை நாட்டுக் குன்றத்தூர். உத்தியோகம் சோழ நாட்டில், வீடு இங்கே. அந்த ஈசனைத் தன் ஊருக்கே எழுந்தருளச் செய்துவிட்டார்.

வேளாளர் குலத்தில் சேக்கிழார் குடி அவருடையது. நாம் சொல்லும் பெயரே குடிப்பெயர்தான். பெற்றவர்கள் வைத்தது அருண்மொழித்தேவர். அவர் அரண்மனைக்குப் போனதற்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. உலகைவிட, மலையைவிட, கடலைவிடப் பெரியது எது என்று சோழ மன்னன் கேட்டனுப்ப, தகப்பனார் விடை தெரியாமல் கலங்கி நின்றாராம். பிள்ளை மூன்று குறளை எழுதிக் கொடுத்தான். காலத்தில் செய்த நன்றி உலகினும் பெரிது, பயன் கருதாத உதவி கடலினும் பெரிது, நிலை மாறாத அடக்கம் மலையினும் பெரிது. அப்பாவின் கவலையைத் தீர்க்க எழுதிய பதில் அவரையே அமைச்சராக்கியது. உத்தமச் சோழப் பல்லவராயன் என்ற பட்டமும் வந்தது.

சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் மூழ்கியிருந்த அநபாய சோழனிடம், அதை விட்டுச் சிவனடியார் வரலாற்றைக் கேளுங்கள் என்று சொன்னதும் அவர்தான். அரசன் மனம் லயித்திருக்கும் ஒன்றை வேண்டாம் என்று அவனிடமே சொல்வது லேசான காரியமா? 'நீரே பாடும்' என்றான் மன்னன். தில்லையில் 'உலகெலாம்' என்று ஈசனே அடியெடுத்துக் கொடுக்க, பெரியபுராணம் பிறந்தது. சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறு சித்திரைத் திருவாதிரையில்தான் நிறைவானது. ஏட்டோடு அவரை யானை மேல் ஏற்றி, மன்னனே பின்னால் அமர்ந்து கவரி வீசினான். எப்போது நினைத்தாலும் கண் கலங்கும் காட்சி இது.

அந்தப் புராணத்தில், தொண்டை நாட்டுக் காஞ்சிபுரத்து நாயனாரான திருக்குறிப்புத் தொண்டர் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். தொண்டை நாட்டின் மலை, காடு, வயல், கடற்கரை என்று பாட்டுப் பாட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊரை விட்டுப் போனவர் அல்லவா, நிறுத்த மனம் வராமல்தான் பாடியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

அவருக்கு ஒரு தம்பி. பெயர் பாலறாவாயர். அண்ணன் தொண்டர் பெருமையில் தோய்ந்துவிட, தொண்டைமான் என்ற பட்டத்தோடு நாட்டுப் பொறுப்பு தம்பிக்கு வந்தது. பாலறாவாயர் என்பது அம்மையின் ஞானப்பால் உண்ட சம்பந்தப் பிள்ளையின் பெயர். பெரியபுராணத்திலும் சம்பந்தரை அந்தப் பெயரால் அழைக்கிறார் சேக்கிழார். அதை எழுதும்போதெல்லாம் வீட்டுத் தம்பியின் முகமும் ஏட்டில் வந்து நின்றிருக்காதா?

பிராகாரத்தில் உட்கார்ந்து இதைத் தம்பியிடம் சொன்னேன். நான் கல்யாணமாகி வந்த பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான். ஒன்றும் பேசாமல் எழுந்து போய், சேக்கிழார் சன்னதியில் இன்னொரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தான்.