எட்டு மணி நேரம் இழுக்கும் என்றார்கள்

மின்சாரம் போனால் பற்றரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் இன்வேர்ட்டர் பூட்டிய முதல் இரவே மின்சாரம் போனது. எங்கள் ஒழுங்கை முழுவதும் இருட்டு, எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் சுற்றுகிறது. பெருமை பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஃபேன் வண்டு புகுந்த பானை போல இரைந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்து, "இதற்கு வியர்த்துக்கொண்டே கிடக்கலாம், நிறுத்து பிள்ளை" என்றார்.

ஃபேன் இரைச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு இழுப்பு. இரவில், மருந்தை ஆவி போலாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசர் தேவைப்படும். அதை இன்வேர்ட்டரில் போட்டபோது உறுமலோடு கை வைக்க முடியாத சூடும் வந்தது. யாருக்காக வாங்கினேனோ அவருக்கே உதவாத சாமானை வாங்கி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கு முன்பும் ஒரு முறை சூடு கண்டிருக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, தெரிந்த ஒருவரிடம் பழைய பெற்றோல் ஜெனரேற்றர் ஒன்றை வாங்கினோம். மோட்டார் சைக்கிளுக்கே பெற்றோல் இல்லாமல் வரிசையில் படுத்துக் கிடந்த காலம் அது. பெற்றோல் நிலையத்தில் கானில் ஊற்றித் தரமாட்டோம் என்றார்கள். ஜெனரேற்றர் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. பிறகு பெற்றோல் கிடைத்தபோதும் மழைக்காலத்தில் அதை எங்கே வைத்து ஓட்டுவது? புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, அதனால் வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ வைக்கவே கூடாது. இழுப்புக்காரர் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று விற்றுவிட்டேன்.

கூரையில் சூரியத் தகடு போடலாம் என்று பலர் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் போட்டிருக்கிறார், மாதாந்தக் கட்டணம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் தேதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில் அவர் வீட்டிலும் ஃபேன் நின்றுவிட்டது. பற்றரி இல்லாமல் மின் இணைப்போடு சேர்த்துப் பூட்டும் தகடுகள், வெளியே மின்சாரம் நின்றதும் தாமாகவே நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்பவரின் உயிர் போகாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் தகடு போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் எங்கள் ஊரிலேயே மூன்று பேர்.

ஆகவே இன்வேர்ட்டர்தான் என்று முடிவெடுத்து, களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு நகரத்துக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். 1000 விஏ இன்வேர்ட்டர், 150 ஆம்பியர் மணி பற்றரி. "இரண்டு ஃபேன், நாலு பல்ப், வைஃபை. எட்டு மணி நேரம் இழுக்கும் டீச்சர்" என்றார் விற்பனைத் தம்பி. இன்வேர்ட்டர் தரும் மின்சாரம் வெட்டி வெட்டி வரும் சதுர அலையா, வீட்டு லைனில் வருவது போன்ற சீரான சைன் அலையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஃபேன் இரைந்ததும் நெபுலைசர் சூடானதும் சதுர அலையால்தான். மோட்டார் உள்ள எந்தச் சாமானுக்கும் சைன் அலை இன்வேர்ட்டர்தான் வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். அதை வாசித்த பிறகு காசை எடுங்கள்.

மாற்றித் தரச் சொல்லி மறுபடி போனேன். கல்லடிப் பாலம் தாண்டும்வரை பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடையில் உத்தரவாத அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். திகதி இல்லை, முத்திரை இல்லை. "எங்களிடம் வாங்கியது என்பதற்கு என்ன ஆதாரம்?" பற்றுச்சீட்டு என்று நான் பத்திரமாக வைத்திருந்த தாள் வெறும் விலைக்கூறல். முத்திரை குத்தாமல் தந்தது அவர்கள், கையைப் பிசைந்துகொண்டு நிற்பது நான். முதலாளி கொழும்பு போயிருக்கிறார், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். ஒரு நாள் லீவு வீண்.

வீட்டுக்கு வந்து கைபேசியைத் துழாவியபோது, பொருளை அனுப்பிய அன்று அந்தத் தம்பியே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. பெட்டியின் படம், அதில் தொடர் இலக்கம், கீழே பில் இலக்கம். வியாழக்கிழமை அதை முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் படத்தையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். வித்தியாசக் காசை வாங்கிக்கொண்டு சைன் அலை இன்வேர்ட்டரைத் தந்தார். அட்டையில் முத்திரை விழும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், வயரிங் செய்தவர் புதிய இன்வேர்ட்டரை இணைத்ததும், மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. தூக்கிவிட்டால் விழும், மறுபடி தூக்கினால் மறுபடி விழும். "இன்வேர்ட்டர் பழுது" என்று அவர் சாமான் பெட்டியை மூடிவிட்டார். திரும்பக் கடைக்கா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளையாக, கல்முனையில் வேலை செய்யும் மைத்துனர் ஒருவர் வந்து பார்த்தார். இன்வேர்ட்டரில் ஓடும் ஃபேன்களுக்கும் பல்புகளுக்கும் மின்சாரம் போகும் வயரான லைனை மட்டும் தனியாக இழுத்து, அது திரும்பும் வயரான நியூட்ரலை வீட்டின் பொது நியூட்ரலோடேயே விட்டிருந்தார்கள். போகும் மின்சாரம் ஒரு வழி, திரும்புவது வேறு வழி என்றால், எங்கோ கசிகிறது என்று நினைத்து ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. நியூட்ரலையும் தனியாக இழுத்தார், விழுவது நின்றது. இது நடக்கும்போது "ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டால் சரி" என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படிச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்த நீண்ட தடை கச்சான் காற்று வீசும் மாதத்தில் வந்தது. ஃபேன் இல்லாமல் கண் மூட முடியாத காலம். இரவு பத்து மணிக்குப் போன மின்சாரம் வரவில்லை. அதிகாலை இரண்டு மணி ஆகும் முன்பே இன்வேர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. எட்டு மணி நேரம் என்றது நான்கைக்கூடத் தொடவில்லை. கடையில் கிடந்த பழைய பற்றரியைத் தள்ளிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இந்த முறை ஆத்திரத்தை அடக்கி, முதலில் சந்தியில் ஓட்டோ பற்றரி பார்க்கும் அண்ணனை அழைத்து வந்தேன். முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்த பற்றரியின் ஆறு மூடிகளையும் திறந்து, அசிட்டின் அடர்த்தியைக் கருவியில் உறிஞ்சிப் பார்த்தார். எல்லாமே 1.25க்கு அருகில், நல்ல பற்றரிக்கு இருக்க வேண்டிய அளவு. "பற்றரி தங்கம் தங்கச்சி, கணக்குத்தான் பிழை" என்றார்.

கணக்கை அவரே என் கொப்பியில் போட்டார். பற்றரியின் 12 வோல்ற்றை அதன் 150 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 1800 வாற் மணி. பற்றரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், 900. இன்வேர்ட்டர் விழுங்குவது போக ஏறத்தாழ 720. என் வீட்டு ஃபேன் ஒன்று 70 வாற், இரண்டுக்கு 140. 9 வாற் பல்ப் நாலுக்கு 36. வைஃபைக்கு ஒரு 12. மொத்தம் 188. 720ஐ 188ஆல் வகுத்தால் நான்கு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு, அன்று இரவு நடந்ததும் அதுதான். கடைத் தம்பி 1800ஐ அப்படியே வகுத்திருக்கிறார். அதிலும் ஒன்பதரை வருகிறதே, தாராளமாக எட்டு என்று சொல்லியிருக்கிறார்!

இன்னொரு பற்றரி வாங்கலாமா என்று கேட்டேன். "ஐம்பது கிலோவுக்கு மேல் பாரம், அதை வைக்கக் காற்றோட்டமான இடமும் வேண்டும், பற்றரித் தண்ணீரும் இரண்டு மடங்கு ஊற்ற வேண்டும். ஃபேனை மாற்றிப் பாருங்கள்" என்றார். பிஎல்டிசி என்ற, குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் உள்ள, 30 வாற்றில் ஓடும் ஃபேன் இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஒரு பற்றரியின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை. மொத்தப் பாரம் 108 வாற் ஆகியது, அதே பற்றரி ஆறரை மணி நேரம் இழுக்கிறது. இடையில் அப்பாவின் நெபுலைசர் கால்மணி நேரம் ஓடினாலும் அவ்வளவாகக் குறைவதில்லை. தண்ணீர் மோட்டாரையும் குளிர்சாதனப் பெட்டியையும் இந்த இணைப்பில் சேர்க்கவில்லை. அவை தொடங்கும்போது இழுக்கும் இழுவையில் இன்வேர்ட்டர் படுத்துவிடும்.

போன கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் மூன்று மணியளவில்தான் வந்தது. அப்பா அசையாமல் தூங்கினார். பக்கத்து வீட்டு அண்ணன் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வந்து, எந்தப் பற்றரி வாங்கலாம் என்று கேட்டார். முதலில் உங்கள் ஃபேன் எத்தனை வாற் என்று பார்த்து வாருங்கள் அண்ணன் என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதிரை மேல் ஏறி, மனைவி டோர்ச் பிடிக்க, ஃபேனின் தலையில் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.