மீதி ரேடியோ

"அவ்வளவுதானே?" என்று கேட்டார். "அவ்வளவுதான்" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த வேலையை எடுத்தேன். 2016-இல் நடந்தது. பெரிய தப்பு ஒன்றும் நடந்துவிடவில்லை என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். வாதாடியும் இருக்கிறேன், பெரும்பாலும் ராத்திரியில், மனைவி தூங்கிய பிறகு.

பழைய நாடாக்களை டிஜிட்டல் ஆக்கிக் கொடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. அவர் கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் டின். உள்ளே நான்கு ரீல், அதில் மூன்று வெற்று நாடா. நான்காவது ஐந்து அங்குல ரீல். அதன் அட்டைப் பெட்டியில் பென்சிலால் 'ஹான்காக்' என்று எழுதியிருந்தது. கீழே வேறு கையெழுத்தில் 'அம்மா, கடைசியில்'. தேதி கிடையாது. அந்த மனிதருக்கு எழுபது வயதிருக்கும். இரண்டாவது வரியில் விரலை வைத்து, "எனக்கு இது மட்டும் போதும்" என்றார். அம்மாவின் குரல் வேறெதிலும் இல்லையாம்.

நாடாவை வெளிச்சத்தில் பிடித்தேன். ஊடே வெளிச்சம் தெரிந்தது, அசிட்டேட் என்ற பழைய பிளாஸ்டிக் ரகம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாக வினிகர் வாடை. இந்த ரகம் வயதானால் வெடுக்கென்று அறும். ஆனால் அறுந்த இடம் நேராக இருக்கும், சேர்த்து ஒட்டிவிடலாம். அன்றைக்கு மூன்று இடத்தில் அறுந்தது, ஒட்டினேன். 600 அடி நாடா. நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 32 நிமிடம் ஓடும். அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைப் பிடித்த பிறகு இரண்டு நிமிடம் மிஞ்சும். அந்த இரண்டு நிமிடத்தில்தான் அம்மா இருந்தார்.

எந்த நாடாவை ஏற்றினாலும் முதலில் ஹெட்டின், அதாவது நாடாவைப் படிக்கும் முனையின், கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். பதிவு செய்த மெஷினின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் நம்முடையதும் அதே அளவு சாய வேண்டும். இல்லையென்றால் கூர்மையான சத்தமெல்லாம் மழுங்கிவிடும். ஸ்க்ரூவை மெல்லத் திருப்பிக்கொண்டே 'ஸ', 'ட்ச' போன்ற சத்தங்களைக் கவனிப்போம். தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். டியூபா வாத்தியம் குண்டு மனிதர் படியேறுவதுபோல வந்தது, வாலி ஸ்டாட் போட்ட தொடக்க இசை. அதைக் கேட்டதும் எந்த நிகழ்ச்சி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டோனி ஹான்காக்கைத் தெரியாதவர்களுக்காக: பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர். அவருடைய 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' 1954 நவம்பர் 2-ஆம் தேதி பிபிசியின் லைட் ப்ரோக்ராம் என்ற வானொலி அலைவரிசையில் தொடங்கியது. எழுதியவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்சன். அதுவரை வானொலி நகைச்சுவை என்றால் நடுவில் ஒரு பாட்டு, ஒரு வாத்தியக் கச்சேரி, அப்புறம் மறுபடி தமாஷ். இவர்கள் பாட்டைத் தூக்கிவிட்டு அரை மணி நேரமும் ஒரே கதையாக வைத்தார்கள். பார்வையாளர்களை உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்வார்கள். அவர்களுடைய சிரிப்பும் சேர்ந்தே நாடாவில் இருக்கும். 1959 வரை வானொலியில் 100-க்கு மேல் வந்தன. அவற்றில் சுமார் 20-க்கு ஒலிப்பதிவே இல்லாமல் போனது. எழுத்துப் பிரதிகள் இருந்தன, குரல்கள் இல்லை. நாடா விலை கூடுதல், அழித்து அதிலேயே வேறொன்றைப் பதிவார்கள். நகைச்சுவையை யார் இரண்டாம் முறை கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணமும் இருந்தது.

இதெல்லாம் எனக்கு, தொலைந்த நிகழ்ச்சி ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்த 2022-இல்தான் தெரியவந்தது என்றால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். அப்படியில்லை. 2014-இல் பிபிசி ரேடியோ 4, ஒலிப்பதிவு தொலைந்துபோன நிகழ்ச்சிகளின் எழுத்துப் பிரதிகளை எடுத்து, கெவின் மெக்னல்லியை ஹான்காக்காக நடிக்க வைத்து, 'தி மிஸ்ஸிங் ஹான்காக்ஸ்' என்று ஒலிபரப்பியது. வேலை செய்துகொண்டே அதைக் கேட்டவன் நான். வீட்டில் பிடித்த நாடா ஒன்று கையில் கிடைத்தால் அது என்னவாக இருக்கலாம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

சரி, ஹெட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டில் யாரோ ரேடியோ ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். லைட் ப்ரோக்ராம் அப்போது 1500 மீட்டர் நீள அலையில் வந்தது. எஃப்.எம். ஒலிபரப்பு 1955 மே மாதம்தான் இங்கிலாந்தின் ரூட்டமில் தொடங்கியது. நீள அலையில் வரும் சத்தத்துக்குக் கூர்மை குறைவு, கம்பளி போர்த்திப் பேசுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டு ஸ்க்ரூவைச் சரிசெய்ய முடியவில்லை. அப்போது அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேலே, ஒரு கண நேரம் பிந்தி, ஒரு பெண் சிரித்தாள். தெளிவாக. கம்பளி இல்லாமல். அப்புறம் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம். அந்தச் சிரிப்பு வந்த இடத்தை நாலைந்து முறை பின்னால் ஓட்டி, முன்னால் ஓட்டி, அதை வைத்துத்தான் ஹெட்டைச் சரிசெய்தேன்.

சரிசெய்ததும் வேகமாகக் கடைசிக்கு ஓட்டினேன். "இது ஓடுதா? நான் என்ன சொல்ல?" என்று ஒரு பெண்குரல். ஓர் ஆண் ஏதோ சொல்கிறார். அவள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறாள். ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பல் தேய்த்துவிட்டாயா என்கிறாள். நாடா முடிகிறது. 2 நிமிடம் 10 நொடி. சுத்தமாக எடுத்துக் கொடுத்தேன். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வேறு என்ன இருக்கிறது அதில்?" என்றார். "ரேடியோ. பழைய நகைச்சுவை நிகழ்ச்சி." "அப்பாவுடைய வேலை. அது வேண்டாம். நாடாக்களை நீங்களே கழித்துவிடுங்கள், வீட்டில் வைக்க இடமில்லை." அதற்கு அப்புறம்தான் கேட்டார், "அவ்வளவுதானே?"

அது பேச்சை முடிப்பதற்காகக் கேட்ட கேள்வி என்று பல வருடம் எண்ணியிருந்தேன். பில்லை முடிப்பதுபோல. ஆனால் அந்த மௌனத்துக்குப் பிறகு கேட்டவர் அவர். வேறு ஏதாவது இருக்காதா என்றும் கேட்டிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி. மேசையில் ஒரு கல்யாண வீடியோ அவசரம். நிமிடக் கணக்கில் காசு வாங்குகிற இடம் அது; முழு அரை மணி நேரத்தையும் எடுங்கள் என்று சொன்னால் வியாபாரம் பிடிக்கிறேன் என்று நினைப்பார். வாடிக்கையாளர் வேண்டாம் என்றதை நாமும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முதலாளி முதல் நாளே சொல்லித்தந்த விதி. நல்ல விதிதான். பிறர் வீட்டுப் படுக்கையறைப் பேச்செல்லாம் எங்கள் கையில் வந்துபோகும். ஆளாளுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தால் என்ன ஆகும்?

ஆனால் நாடா சனி, ஞாயிறு முழுக்க என் மேசைக்குக் கீழே கிடந்தது. திங்கட்கிழமை நான்தான் குப்பையில் போட்டேன். யோசிக்க இரண்டு நாள் இருந்தது, யோசிக்கவில்லை.

2022-இல் செய்தி வந்தது. ரேடியோ சர்க்கிள் என்ற ஆர்வலர் குழு, 'தி மேரேஜ் ப்யூரோ' என்ற ஹான்காக் நிகழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டது. 1955 பிப்ரவரி 8-ஆம் தேதி ஒலிபரப்பாகித் தொலைந்துபோனது. வழக்கமாக நடிக்கும் கென்னத் வில்லியம்ஸுக்குப் பதிலாக நடிகர் பீட்டர் செல்லர்ஸ் நடித்தது. யாரோ வீட்டில் வானொலியிலிருந்து பிடித்து வைத்த நாடா. சுத்தம் செய்து மறுபடி ஒலிபரப்பினார்கள். அதே பிப்ரவரி 8-ஆம் தேதிதான் பிபிசியின் இன்னொரு அலைவரிசையான ஹோம் சர்வீஸில் 'கூன் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரின் '1985'-உம் வந்தது. அதிலும் செல்லர்ஸ் உண்டு. ஜனவரி 4-இல் முதல் முறை வந்த '1985'-க்கு இருந்த வரவேற்பைப் பார்த்து, ஒரு மாதம் கழித்து நடிகர்களை மறுபடி நிறுத்தி நடிக்க வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு அலைவரிசையில் ஒரே மனிதர். ஒன்றில் நடந்ததையே மறுபடி நடித்தார், மற்றதில் நடித்தது 67 வருடம் யாருக்கும் கேட்கவில்லை.

மறு ஒலிபரப்பை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன், குற்றவாளி மாதிரி. என் நாடாவும் இதுதானா என்று பார்க்க. ஒன்றும் ஒத்துவரவில்லை, ஒத்துவராமலும் இல்லை. அன்றைக்கு நான் கேட்டது ஒரு நிமிடம். வசனம் ஒன்றும் நினைவில்லை. நினைவில் இருப்பது அந்தச் சிரிப்பு மட்டும். என் நாடா தொலையாத எண்பதில் ஒன்றாகவே இருந்திருக்கலாம், கணக்குப்படி அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்த ஆறுதல் எனக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது.

பிறகுதான் உறைத்தது. ஹான்காக் போனால் போகட்டும், அதைத் தேட ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைத் தேட ஒருவர்தான் இருந்தார். அவர் கேட்கவும் கேட்டார்.

அது அவருடைய அம்மாவின் சிரிப்புதானா? பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம். அரங்கத்தில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோவாகவும் இருக்கலாம். ஆனால் நீள அலையில் வந்த சிரிப்பு அவ்வளவு கூர்மையாக இருக்காது என்று என் காது சொல்கிறது. அந்தக் காலத்து மலிவு மைக்கை வைத்துக்கொண்டு அப்படியெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அனுபவம் சொல்கிறது. நான் சொல்லி, அவர் முப்பது நிமிடத்தையும் காசு கொடுத்து வாங்கி, கடைசியில் அது யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால்? அதுவும் ஒரு பாவம்தானே.

எங்கள் வீட்டிலும் ஒரு கேசட் உண்டு. யாழ்ப்பாணத்தில் அப்பா ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பிடித்த பாட்டுகள். நடுவில் அம்மா, "சாப்பிட வாங்கோ" என்பார். அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு "சாப்பிட வாங்கோ" கேட்கும். வேலையே இதுதான் என்றாலும் இன்னும் அதை நான் டிஜிட்டல் ஆக்கவில்லை.

போன மாதம் பழைய வேலைச் சீட்டுகளைக் கிளறினேன். கிடைத்தது. என் கையெழுத்துதான். 'நீளம் 32 நிமி. பேச்சு 2 நிமி 10 வி. மீதி ரேடியோ. கழிக்கலாம்.' கீழே அவருடைய தொலைபேசி எண். அவர் உயிரோடு இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். கூப்பிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது முதலாளி உள்ளே வந்தார். என்ன தேடுகிறாய் என்றார். ஒன்றுமில்லை, பழைய பில் ஒன்று என்றேன்.